மாமி வெட்டிய வளைவுகள்

பேசாலையில் கடலைப் பார்த்தபடி நிற்கிற கல்வீடு நான் கட்டியது. சீமெந்து வடக்கே வரத் தடையாக இருந்த நாட்களில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி ஒரு கிணறு கட்டினேன். இன்றைக்கும் அதன் சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் மரத்தூள் பெட்டிக்குள் ஐஸைக் காப்பாற்றி மீன் விற்றேன். பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்களின் இருக்கையில் கோழி அடைகாத்த காலத்தில் சைக்கிள் கடை போட்டேன். டயர் கிடைக்காதபோது பழைய டயருக்குள் வைக்கோலை முறுக்கி அடைத்துச் சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். இரண்டு வள்ளம் செய்வித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இதில் ஒன்றையும் எனக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை.

இவ்வளவும் செய்தவனைப் பார்த்து, "தம்பி, ஒனக்குப் பாத வெட்ட வராது" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மாமி, எனக்குப் பெண் கொடுத்தவர்.

மாமி மெலிந்த மனுசி. வெற்றிலைச் சிவப்பு வாயை விட்டுப் போகாது. நடக்கும்போது தலை குனிந்தே இருக்கும். வெட்கம் என்று நினைத்து விடாதீர்கள். அவர் நிலத்தைப் பார்க்கிறார். மனிதரின் முகத்தை அவர் பிறகுதான் பார்ப்பார். முதலில் பார்ப்பது அந்த மனிதர் எந்த வழியால் வந்தார், அந்த வழி ஒழுங்கா என்பதை. ஒழுங்கில்லை என்றால் அவருக்குக் கை அரிக்கும். ஊரில் மற்றவர்கள் பசியைத் தாங்க மாட்டார்கள், கடனைத் தாங்க மாட்டார்கள். மாமி கெட்ட பாதையைத் தாங்க மாட்டார்.

அவருடைய அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மலையை அரித்துக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வடிகாலை அங்கே கான் என்பார்கள். தாய்க்குச் சுகமில்லாத வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, அப்பாவோடு சரிவுகளில் வளர்ந்தவர் மாமி. கலவரத்துக்குத் தப்பிப் புருசனோடும் கைக்குழந்தையோடும் மன்னார்ப் பக்கம் இறங்கினார். காட்டோரத்தில் குடியேறிய பிறகு புருசன் மலேரியாவில் போய்விட்டார். மகளும் மண்வெட்டியும் மிஞ்சின.

அந்த மண்வெட்டியைப் பற்றி ஒரு கதை. குடியேற்றத்தில் ஒரு கிழவர் செத்துப்போனார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சவக்காலைக்குப் போகிறார்கள். நடுவழியில் மழை அரித்த ஒரு பள்ளம். மாமி மண்வெட்டியோடு பெண்கள் கூட்டத்திலிருந்து பாய்ந்து முன்னுக்கு வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. பொணம் எங்கயும் ஓடிறாது."

பெட்டி சுமந்தவர்கள் தோள் மாற்றி மாற்றி நின்றார்கள். செத்தவரின் தம்பி, "உனக்கென்ன விசரா?" என்று கத்தினார். மாமி ஒரு கரையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் வழி விட்டார். சவம் அடக்கிவிட்டுத் திரும்புகையில் அதே தம்பி, "அண்ணன் ஆடாமல் அசையாமல் போனவர்" என்று சொல்லி அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்று. ஆமிக் காம்புக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் சனம் வரிசையில் நிற்கிற இடத்தில் முழங்கால் மட்டும் சேறு. எல்லாரும் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமி குதிக்காலால் நிலத்தைக் கீறத் தொடங்கினார். அந்த நாளில் காம்படியில் மண்ணைக் கிண்டினால் கண்ணிவெடி புதைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மொக்கத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று கேட்கிறான்.

"வத்துர, மாத்தயா, வத்துர" என்றார் மாமி. தண்ணீருக்கு வழி விடுகிறாராம். தோட்டத்தில் பழகிய சிங்களம் அவ்வளவுதான். அவன் கீழே பார்த்தான். அந்தக் கீறலால் தண்ணீர் நெளிந்து நெளிந்து வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகொரு நாள் மாமி அதே வரிசையில் நின்றபோது அவன் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான்.

எனக்கு அவரைப் பழக்கமாக்கியதும் இந்தக் குணம்தான். சண்டையால் பேசாலையை விட்டு எழும்பி, விடத்தல்தீவில் சொந்தக்காரர் வீட்டில் இருந்த காலம். சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, வயலையும் இரண்டு குளங்களையும் தாண்டி அந்தக் குடியேற்றத்துக்குப் போவேன். மற்றச் சனம் பெட்டிக்குள் பார்க்கும். மாமி என் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, கீழ்க்கொளத்து ஓரமாவா வந்த?"

"ஓம் அம்மா. எப்பிடித் தெரியும்?"

"டயர்ல கருப்புக் களி. அந்த எடத்துல தண்ணி வடியாது. எத்தன பேரு விழுந்து எழும்பிட்டாங்க!"

மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"அம்மா, மீன்?"

"அவ வாங்குவா."

அவ என்றால் மகள் ராணி. உள்ளேயிருந்து சுளகோடு வந்தா. நான் ஒரு பாரை மீனை எடுத்தேன், விலை சொல்ல மறந்துபோனேன். அதற்குப் பிறகு எந்தெந்த இடத்தில் பள்ளம், எந்தெந்த இடத்தில் வழுக்கல் என்று மாமிக்கு ஒரு வழியும் விடாமல் சொல்லத் தொடங்கினேன். மாமி பாதை பார்க்கப் போவார். ராணி மீன் பார்க்க வருவா.

கடைசியில் துணிந்து கேட்டேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கேட்டேன்.

"குடுக்க மாட்டேன்" என்றார் மாமி.

"நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுறவன் எண்டோ?"

"எந்த சாமியும் என்னைய ஒண்ணும் செய்யல தம்பி."

"கடல்வேலை எண்டோ?"

"அதுவும் இல்ல." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இருந்தார். "என்னைப் பெத்தவ அங்க தோட்டத்து லயத்துல கெடந்தா. நான் எறங்கி வந்தப்ப, அடுத்த பொங்கலுக்கு வாறேன்னு சொல்லிட்டு வந்தேன். றோட்டப் பூட்டினாங்க. தொறந்தாங்க. மறுபடி பூட்டினாங்க. அவ போயிட்டான்னு ஆள் வந்து சொல்லித்தான் தெரியும். நீ என் புள்ளய கடலோரம் கொண்டு போயிருவ. மழ புடிச்சா அது என்னையப் பாக்க எந்த வழியா வரும்? சொல்லு."

அவர் கேட்டது சரி. பெரிய றோட்டைக் காம்பில் மறித்து வைத்திருந்தார்கள். நான் வருகிற குளத்தோர வழி மாரியில் கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விடும். மிஞ்சுவது இரண்டு குளங்களுக்கும் நடுவே கிடந்த கல்லுமேடு. பாலையும் வீரையும் அடர்ந்த காடு, ஏறினால் மூச்சு வாங்கும், அடியில் ஒரு பெரிய மருதமரம். எங்கள் கரையோரச் சனம் அதை மலை என்றுதான் சொல்லும். மனிதர் போக அதில் வழி கிடையாது.

"மலைக்கு மேலால நான் பாதை வெட்டுறன்" என்றேன்.

மாமி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எத மலைங்கிற? அதையா? எங்க தோட்டத்துல அத கல்லுன்னு சொல்வோம், துணி காயப் போடுவோம்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரி, வெட்டு. அடமழ பெய்யிற நாளு என்னைய பின்னால ஒக்கார வச்சு, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கொண்டுபோயி, திருப்பிக் கொண்டாந்து விடு. என் காலு தரையில படக்கூடாது. அப்புறம் பேசுவோம்."

நானும் என் கூட்டாளி அந்தோனியும் இறங்கினோம். அவனும் மீன்காரன். நாங்கள் கடலில் பழகியவர்கள். கரையில் கோயில் கோபுரத்தையும் பின்னால் நிற்கிற பனையையும் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு நேரே வள்ளத்தை விடுவோம். பாதையும் அப்படித்தானே என்று நினைத்தோம். மேட்டின் உச்சியில் ஒரு பாலைமரம், அதற்கு நேரே அப்பால் மருதமரம். ஒன்றோடொன்றைப் பொருத்திக் கயிறு பிடித்தாற்போல் நேரே வெட்டினோம். முடித்துவிட்டுப் பார்த்தபோது, தலையில் நடுவகிடு எடுத்ததுபோல அழகாக இருந்தது. அந்தோனி சொன்னான்: "மச்சான், இனிச் சம்பந்தம் பேசத் தேவையில்லை. கோயிலில கலியாண ஓலை எழுதலாம்."

மாரியின் முதல் மழை வந்தது. மாமியை ஏற்றுவதற்கு முதல் மீன்பெட்டியோடு ஒருக்கால் ஓடிப் பார்ப்போம் என்று உச்சியிலிருந்து விட்டேன். நான் சைக்கிளில் இறங்குகிறேன், எனக்குப் பின்னால் மழைத்தண்ணீர் இறங்குகிறது. நாங்கள் வெட்டியது அருமையான வாய்க்கால். பிறேக் பிடித்தேன், சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. நானும் சைக்கிளும் மீன்பெட்டியும் ஒன்றாகக் கீழ்க்குளத்துக்குள் போனோம். கடல்மீன் எல்லாம் நன்னீரில் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. கரையில் சனம் கூடிவிட்டது.

"தம்பி, பாரைமீன் குளத்தில வளருமோ?"

"வளக்கத்தான் விட்டவர். வலை போடாதேங்கோ!"

மாமி சிரிக்கவில்லை. நான் வெட்டிய கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருடைய முகம், பிள்ளையை அடிக்கிறதைப் பார்த்தவரின் முகம்போல் சுருங்கியது. "தம்பி, ஒனக்குப் பாத வெட்ட வராது" என்று சொன்னது அப்போதுதான்.

"அப்ப நீங்கள் காட்டித் தாங்கோ."

"நான் வெட்டிக் குடுத்துட்டு, அப்புறம் எந்த வாயால மாட்டேன்னு சொல்றது?" திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் நனைந்த சேட்டைப் பிழிந்துகொண்டு இருந்தேன். ராணி சைக்கிளின் மணியைத் துடைத்துத் தந்தபடி மெல்லச் சொன்னா: "விடாதீங்க. நாளைக்கும் வந்து வெட்டுங்க. அம்மா கண்ணுல படுற மாதிரி வெட்டுங்க."

"பிழையா வெட்டவோ?"

"பிழையாவெல்லாம் வேணாம். நீங்க வழக்கமா வெட்டுற மாதிரியே வெட்டுங்க. போதும்."

அந்தப் பேச்சை நான் மன்னித்துவிட்டேன். வேலை நடந்தால் சரி. மறுநாள் மாமி வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற சரிவில் தொடங்கினேன். மாமி வாசலில் இருந்து வெற்றிலை இடித்தார். பிறகு வேலியடிக்கு வந்தார். பிறகு ஒரு கல்லில் வந்து இருந்தார். நான் மண்ணை வெட்டிச் சரிவின் மேற்பக்கமாகப் போட்டேன். அவர் எழும்பினார், இருந்தார், எழும்பினார்.

"மேல போடாத. மழைக்குத் திரும்பி வந்துரும்."

"எங்கால போட, அம்மா?"

"எங்கயாச்சும் போடு. எனக்கென்ன."

நான் இன்னொரு வெட்டு வெட்டி மறுபடி மேலேயே போட்டேன். மாமியால் முடியவில்லை. ஓடிவந்து மண்வெட்டியைப் பறித்தார். "நகரு அந்தாண்ட! மண்ணுக்கு வலிக்குது!"

அன்றிலிருந்து பாதை மாமியுடையது. நேராக ஓர் அடியும் போக விடவில்லை. சரிவுக்குக் குறுக்கே கொஞ்சம், பிறகு ஒரு வளைவு, திரும்பிக் குறுக்கே கொஞ்சம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வெட்டிய இடத்தில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்ப்பார். தண்ணீர் பாதையோடு ஓடினால் முகம் கறுக்கும். பாதையைக் கடந்து அப்பால் போனால், "போடி தாயி" என்று அதை வழியனுப்பி வைப்பார். முழுப்பாதையையும் மரத்துக்குக் கீழே கீழே கொண்டுபோனார். ஏன் என்று கேட்டேன். "வெயில்ல நீ இன்னும் கறுத்துட்டா ஒனக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்றார். ஹெலிகொப்டர் வந்து சுற்றிய நாட்களில் அந்த நிழலுக்குள் இருந்தபடியே வேலை செய்தோம். மேலே அது இரைந்துகொண்டு சுற்றும். கீழே மாமி அதைவிடச் சத்தமாக அந்தோனியைத் திட்டுவார்.

ஆனால் அவருக்கும் ஒன்று பிசகியது. செங்குத்தான இடத்தில் கல் அடுக்கி அழகான படிகள் கட்டி வைத்துவிட்டார். தேயிலை மலையில் அப்படித்தானாம்.

"அம்மா, படியில சைக்கிள் எப்பிடி ஏறும்?"

மாமி படியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் சைக்கிள் ஓடியதில்லை. "எறங்கித் தூக்கிட்டுப் போ."

"கால் நிலத்தில படக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

கொஞ்ச நேரம் வெற்றிலையைக் குதப்பினார். பிறகு படிகளைப் பிரித்தார். அந்தக் கல்லையெல்லாம் எடுத்து இன்னும் இரண்டு வளைவு வைத்தார்.

அடைமழை வந்தது. பாதையில் தண்ணீர் நிற்கவில்லை, ஓடவில்லை. குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தது. மாமி தலையில் ஒரு யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொண்டு கரியரில் ஏறி இருந்தார். ராணி பின்னால் ஓடிவந்தா. மேலே ஏறினோம். உச்சியைத் தாண்டினோம். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவாகக் கழிந்தது. கடைசியில் மருதமரத்து வளைவு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, வேகமும் அதில்தான் கூடுதல். பாதை சமமாக இருந்தது. சக்கரம் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இருவரும் சேற்றுக்குள் போனோம்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது மாமி சேற்றுக்குள் சப்பாணி போட்டு இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். யூரியாப் பை குளத்தில் போய்க்கொண்டிருந்தது.

"காலு தரையில படல தம்பி. மத்ததெல்லாம் பட்டுருச்சு!"

"அப்ப சரியோ?"

"சரியா? மண்டைய ஒடச்சிருப்ப! சரியாம்!"

அங்கேதான் நான் என் மூளையைப் பாவித்தேன். மாமிக்குத் தண்ணீர் தெரியும், சரிவு தெரியும், ஆனால் சக்கரம் தெரியாது. சக்கரம் எனக்குத் தெரியும். வளைவில் சைக்கிள் உள்ளே சரிந்துதான் திரும்பும். பாதையும் அதோடு சரிந்து கொடுத்தால் வழுக்காது. வளைவின் வெளிக்கரையை உயர்த்த வேண்டும் என்றேன்.

"வெளிய ஒசத்தினா தண்ணி உள்ளுக்கு நிக்கும்" என்றார் மாமி.

"உயத்தாட்டி நாங்கள் வெளிய போவம்."

"நீ பையப் போ."

"உங்கட மகளும் பேரப்பிள்ளையளும் பையத்தான் போவினமோ?"

மாமி என்னை முறைத்தார். பேரப்பிள்ளை என்ற பேச்சுக்கா, பாதைக்கா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. களிமண் சுமந்து, கல் வைத்து இறுக்கி, வெளிக்கரையை என் கையால் உயர்த்தினேன். மாமி இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு செம்போடு வந்தார். ஊற்றினார். தண்ணீர் அவர் சொன்னபடியே உள்ளே தேங்கியது. என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன். குந்தியிருந்து உள்ளோரத்தில் கல் பரவி, பாதைக்கு அடியால் சின்னதாக ஒரு கான் எடுத்து விட்டார். தண்ணீர் கொடகொடவென்று குளத்துக்குப் போனது. ஒருவரை ஒருவர் புகழவில்லை. சாப்பிடப் போனோம்.

அடுத்த அடைமழைக்கு மறுபடி ஏற்றினேன். இம்முறை அவர் கரியரில் இருந்து என் சேட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். மருதமரத்து வளைவு வந்தது. சைக்கிள் அந்தக் கரையில் ஏறி, சரிந்து, தொட்டிலாட்டி விட்டதுபோல் சுற்றி வெளியே வந்தது. கீழே போய்த் திருப்பினேன். மேலே ஏறினேன். மூச்சு வாங்குகிறது, பின்னால் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்து திரும்பப் பார்த்தேன்.

"முன்னால பாருங்க மாப்பிள்ள" என்றார் மாமி. "பொண்ணு குடுக்கிற நேரத்துல குளத்துல தள்ளிராதீங்க."

அதுவரை தம்பி, நீ, வா, போ. பின்னால் ஓடிவந்த ராணிக்கும் அது கேட்டது. அந்த மழையில் அவ நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டா.

கலியாணத்துக்குக் குடியேற்றமே சைக்கிளில் வந்தது. பொம்பிளை ராணி அந்தோனியின் கரியரில், காகிதப்பூக் கட்டிய குடையோடு. வளைவுகளில் மணிச்சத்தம் மேலேயும் கீழேயும் மாறி மாறிக் கேட்டதாம். கோயிலில் பங்குச் சுவாமியார் பூசை தொடங்கக் காத்திருக்கிறார், மாமியை மட்டும் காணவில்லை. தேடி ஆள் போனால், வழியில் மாடு மிதித்த ஒரு கரையைக் கலியாணச் சீலையோடு குந்தியிருந்து சரிக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

ராணி அந்தப் பாதையில்தான் சைக்கிள் ஓடப் பழகினா. மாரியோ கோடையோ, நினைத்த நேரம் தாயிடம் போனா. மாமி வீட்டில் காத்திருக்க மாட்டார். பாதையைத் திருத்துகிற சாட்டில் பாதித் தூரம் வந்து நிற்பார். தாயும் மகளும் அந்தக் காட்டின் நடுவில் கல்லில் இருந்து கதைத்துவிட்டு, வந்த வழிகளில் திரும்பிப் போன நாட்களும் உண்டு. பிறகு சண்டை எல்லாரையும் கலைத்தது. கடைசியில் திரும்பி வந்தோம். மாமி நிறைந்த வயதில், எங்கள் வீட்டில், மகளின் மடியில் கண்ணை மூடினார்.

இப்போது பொடியன்கள் தடித்த டயர்ச் சைக்கிள்களோடு அந்த மேட்டுக்கு வருகிறார்கள். தலைக்கவசம், கையுறை, முழங்கால் உறை எல்லாம் போட்டுக்கொண்டு, விழுவதற்கென்றே வருகிறார்கள். குளமும் காடும் மேடும் ஒன்றாக இப்படி ஒரு பாதை எங்கும் இல்லையாம். மருதமரத்து வளைவில் கூவிக்கொண்டு திரும்புகிறார்கள். பலகை ஒன்று நடப் போகிறார்கள். யார் வெட்டியது என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் வாயைத் திறக்க முதல் என் மனுசி சொன்னா: "எங்கம்மா."

"ஐயா ஒண்டும் செய்யேல்லையோ?"

"அவர் மண் அள்ளிப் போட்டவர்."

பலகை வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பாதை மாமி வெட்டியது. அதை முதலாவதாக, பெரிய எழுத்தில் போடுங்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்குக் கீழே, மருதமரத்து வளைவின் வெளிக்கரையை உயர்த்தியவர் இன்னார் என்று என் முழுப்பெயரையும் போட வேண்டும். இடமில்லை என்று சொன்னால் பலகையைப் பெரிதாக்குங்கள், மரம் நான் தருகிறேன். அந்தக் கரை மட்டும் இல்லாவிட்டால் மாமியை நான் இன்னொரு தரம் சேற்றுக்குள் போட்டிருப்பேன். போட்டிருந்தால், "எங்கம்மா" என்று இவ்வளவு பெருமையாகச் சொல்வதற்கு இந்த மனுசி என் வீட்டுக் கதிரையில் இருந்திருக்க மாட்டா.